வந்த வழியே திரும்புங்க

"டயர் மாட்டியாச்சு. வந்த வழியே திரும்பிப் போயிடுங்க தம்பி."

பஞ்சர் கடைக்காரி ஜாக்கியை இறக்கிக்கொண்டே சொன்னாள். தாழ்ந்த குரல்தான். ஆனால் அதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை.

"திரும்பவா? ஆத்தங்கரை வரைக்கும் போய் நாலு போட்டோ எடுத்துட்டு வந்துடுறோம்க்கா" என்றான் காரில் வந்தவன்.

"எல்லைன்னா விளையாட்டு இல்ல தம்பி. போன மாசம் இப்படித்தான் ஒரு வாத்தியார் தெரியாம தாண்டிட்டார். பிடிச்சு உள்ள போட்டவங்க இன்னும் வெளிய விடல."

காருக்குள் இருந்த மனைவி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "என்னங்க, பேசாம திரும்பிடலாங்க."

"நீ சும்மா இரு. எல்லைக்கு இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கு." போனை நீட்டினான். "மேப்புல பாருங்கக்கா."

"இங்க டவரே கிடையாது. உங்க மேப் எப்பவோ நின்னு போச்சு." மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், வெளுத்துப் போயிருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். "கிளம்புங்க. கூலிகூட வேண்டாம்."

கூலி வேண்டாம் என்றதும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வண்டி ரிப்பேர் செய்கிற யாரும் அவனிடம் அதுவரை சொல்லாத வார்த்தை அது.

"ஆத்தங்கரையில என்னக்கா நடக்குது, கடத்தலா? எங்களை விரட்டுறதுலயே குறியா இருக்கீங்களே?"

அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடை வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ் கிடந்தன. தட்டிக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அதோ, ராணுவக்காரங்க சாப்பிடுறாங்க. நம்ம ஆளுங்கதானே, அவங்களையே கேட்டுட்டு வரேன்."

அவன் ஓர் அடி வைப்பதற்குள் அவள் ஸ்பேனரோடு குறுக்கே வந்து நின்றாள். பயத்தோடு தட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் நின்ற இடத்தை விட்டு அவள் அசையவில்லை.

"அங்க போக விடமாட்டேன்."

"என் நாட்டுல நான் எங்க போகணும்னு சொல்ல நீங்க யாருக்கா?" என்று கத்தினான்.

தட்டிக்குப் பின்னால் சிரிப்பு நின்றது.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னாள்.

"மெதுவா பேசு தம்பி. உள்ள இருக்கிறது உன் நாட்டு ராணுவம் இல்ல. நீ எல்லையைத் தாண்டி வந்து அரை மணி நேரமாச்சு!"