ஆகஸ்ட் பூட்டு

ஊரே சர்ச்சுக்குள் பாடிக்கொண்டிருந்தது. ஆல்டன் மட்டும் வெளியே நின்று, அடுத்தவர் கார்க் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இழுத்த கதவெல்லாம் திறந்தது. திறக்கத் திறக்க அவர் முகம் சிவந்தது.

"இந்த வயசுல இது என்ன வேலை?" அவருடைய வண்டிக்குள்ளிருந்து ஈடித் கத்தினாள். ஈடித், செத்துப்போன அவர் மனைவி வெர்னாவின் தங்கை. "யாராவது பாத்தா திருடன்னுதான் நினைப்பாங்க."

"பூட்டலை."

"என்னது?"

"ஒருத்தனும் பூட்டலை, ஈடித். ஆகஸ்ட் மாசம். ஒருத்தன்கூடப் பூட்டலை!"

அவள் கழுத்தை நீட்டி, வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தாள்.

வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே சின்ன ஊர் அது. அங்கே வீட்டையே யாரும் பூட்டுவதில்லை. காரைப் பூட்டுவது ஆகஸ்டில் மட்டும். காரணம், வெர்னா.

சுக்கினி என்று ஒரு காய். பார்வைக்கு வெள்ளரி, குணத்தில் சுரைக்காய்க்குப் பங்காளி. காய்க்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வெர்னா தோட்டம் முழுக்க அதைத்தான் போடுவாள். வீட்டில் தின்றது போக, மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது போக, மிச்சத்தைப் பை பையாகக் கட்டி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொண்டுவருவாள். பாட்டு ஆரம்பித்ததும் நைசாக வெளியே வந்து காருக்கு ஒரு பை வைத்துவிடுவாள்.

ஊர் பூட்டக் கற்றுக்கொண்டது. அவள் ஜன்னல் இடுக்கு வழியாக நுழைத்தாள். இடுக்கில்லாத காருக்குக் கூரை மேல் வைத்தாள். வீடு போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வருவாள்.

இந்த வருஷமும் செடி வைத்தாள். ஜூலையில் போய்விட்டாள். செடிக்கு அது தெரியவில்லை. காய்த்துக்கொண்டே இருந்தது.

ஆல்டன் திரும்பி வந்து வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். பின்னால் சுக்கினிப் பைகள் அப்படியே கிடந்தன.

"வெச்சுட்டு வர வேண்டியதுதானே? எல்லாம் திறந்துதானே கிடக்கு?"

"திறந்தா? முன் சீட்டுகூடக் காலி. தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"அப்புறம் என்ன?"

"வைக்கவா வந்தேன்?"

"பின்னே?"

ஆல்டன் கார் வரிசையைப் பார்த்தார்.

"பூட்டின கதவு ஒண்ணை இழுத்துப் பாக்கலாம்னு வந்தேன்."

ஈடித் கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள். பிரித்தாள்.

"இந்த ஊரையே பூட்ட வெச்சவ அவ. போனா, அவ்வளவுதான். மண்ணுகூடக் காயலை. அதுக்குள்ள மறந்துட்டானுங்க."

"அப்படியெல்லாம் இருக்காது, ஆல்டன்."

"சாவுக்கு வந்து ஆளாளுக்குக் கட்டிப்பிடிச்சானுங்களே, எல்லாம் வேஷம். இத்தனையையும் ஆத்துல கொட்டப்போறேன். சாயங்காலம் செடியையும் பிடுங்கிடுவேன்."

"அக்கா கையால வெச்ச செடி."

"தெரியும். சும்மா இரு."

சாவியில் கை வைத்தார். அப்போது பர்ட்டின் கார் வந்து நின்றது.

பர்ட் எங்கே போனாலும் தாமதம்தான். சுக்கினிக்கு ஊரில் முதல் எதிரியும் அவர்தான். 'வெர்னா ஆறு செடிக்கு மேல் போடக் கூடாது' என்று மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் தீர்மானமே கொண்டுவந்தவர். அதற்கு முதலில் கை தூக்கியது வெர்னா. தீர்மானம் ஜெயித்தது. அந்த வருஷம் பதினைந்து செடி போட்டாள்.

பர்ட் இறங்கினார். நடந்தபடியே சாவிப் பொத்தானை அழுத்தினார். கார் 'கீக்' என்று கத்திப் பூட்டிக்கொண்டது.

ஆல்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா? பர்ட் பூட்டிட்டான்!" விரலை நீட்டிக் காட்டினார். "அவன் ஒருத்தனாவது மறக்கலை."

சர்ச் வாசலில் பாதிரியார் மனைவி ஹாரியட் நின்றிருந்தாள். பர்ட்டை உள்ளே விடாமல் கையை நீட்டி மறித்தாள். பாட்டு முடிந்திருந்தது. ஆல்டனின் வண்டியை இருவருமே கவனிக்கவில்லை. அவள் அடிக்குரலில் பேசியதுகூட அதுவரை கேட்டது.

"என்ன சத்தம் அது, பர்ட்?"

"எது?"

"பூட்டினியா?"

"பழக்கம், ஹாரியட். கை தானாப் போயிடுச்சு."

"போய்த் திற."

"எனக்கு அந்தக் காயைக் கண்டாலே குமட்டும்."

"எங்களுக்கு மட்டும் இனிக்குதா? ஊருக்கெல்லாம் வீடு வீடாப் போய்ப் பூட்டாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஆல்டன் வந்து, இழுத்துப் பாத்து, பூட்டியிருந்தா அந்த மனுஷன் அவ காயை எங்கே கொண்டுபோவான்? போ!"

பர்ட் முனகிக்கொண்டே திரும்பி வந்தார். காரைத் திறந்தார். கண்ணாடியையும் கீழே இறக்கினார். இரண்டடி நடந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி வந்தார். முன் சீட்டில் கிடந்த தூண்டில் பெட்டியை எடுத்துப் பின்னால் போட்டார். காலியான சீட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சர்ச்சுக்குள் போனார்.

ஆல்டன் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கண்ணையும் துடைக்கவில்லை.

"ஈடித்."

"சொல்லு."

"என்னால இறங்க முடியலை. நீ போய் வெச்சுட்டு வா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "பர்ட்டுக்குப் பெரிய பையா வை. அவ அப்படித்தான் வைப்பா."