இரண்டு விரல் துணி

2024 ஜூன் 27, வியாழக்கிழமை காலை. ராமநாதபுரம் அரண்மனைக்குப் பின்னால் உள்ள சந்தில், நூர் நிஷாவின் தையல் கடைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

இறங்கியவன் வேல்சாமி. பஜாரில் நான்கு மாடி எழுப்பியிருக்கும் ஜவுளி மாளிகையின் மேனேஜர்.

"ஏசியிலயே இருங்கம்மா, எங்க மாஸ்டர்கிட்ட காட்டிட்டு வந்துர்றேன்" என்று உள்ளே இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்தினான்.

கையில் ஒரு பட்டு ஜாக்கெட். அரக்கு நிறம். அதைக் கொண்டுவந்து நூர் நிஷாவின் மேசையில் போட்டான்.

"என்னக்கா தச்சிருக்கீங்க? பிரிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. நாளைக்கு வளைகாப்பு, பிள்ளைக்குக் கொக்கி எட்ட மாட்டேங்குது."

அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

கல்யாண ஜாக்கெட்டில் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலம் துணி விட்டுத் தைப்பார்கள். கல்யாணத்துக்குத் தைத்தது, பிள்ளை உண்டான பிறகும் ஆக வேண்டும். தையலைப் பிரித்தால் அந்தத் துணி வெளியே வந்து இடம் கொடுக்கும். தாராளமாக விடுகிறவள் என்று நூர் நிஷாவுக்கு ஊரில் பெயர்.

இந்த ஜாக்கெட்டில் ஒரு நகக்கண் அளவுகூட இல்லை. தையலை ஒட்டி வெட்டியிருந்தது.

சேலையோடு நெய்து வந்த துணி. எந்தக் கடையில் தேடினாலும் இதற்கு ஜோடி கிடைக்காது.

கழுத்துப் பட்டியில் மாளிகையின் பெயரும், அதன் கீழே 'சென்னை டிசைனர்' என்றும் இருந்தது. அந்தப் பட்டியைத் தைத்ததும் நூர் நிஷாதான்.

மாளிகை திறந்த வருடம் அவளுடைய வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். காரணம் புரியவில்லை. மெஷின் சும்மா கிடந்த நாளில் வேல்சாமியே வந்தான். கூலிக்குத் தைத்துத் தரச் சொன்னான். பெயர் வெளியே வரக் கூடாது என்றான். ஒப்புக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் சந்தையில் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, இவளைக் கண்டதும் தன் பேத்தியைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இப்பத் தேவலையா நூரு? ஒன்னய ஏர்வாடியில வச்சிருக்காகன்னு ஜவுளிக்கடையில சொன்னாகளே."

ஏர்வாடி தர்காவுக்கு வேண்டுதலுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒருத்தியை அங்கே 'வைத்திருக்கிறார்கள்' என்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். புத்தி பேதலித்துவிட்டது.

அப்படிப்பட்டவளிடம் யார் போய் அளவு கொடுப்பார்கள்?

அன்று மாலையும் மாளிகையிலிருந்து துணி வந்தது. ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள். அதில் ஒன்று இந்த அரக்குப் பட்டு.

"ஏதாச்சும் பண்ணுங்கக்கா. ஆயுசுக்கும் ஆல்ட்ரேஷன் இலவசம்னு போர்டு வச்சிருக்கோம்."

"ஏர்வாடியில கெடக்குறவ இங்கன உக்காந்து எப்படி சார் தைப்பா?"

வேல்சாமி காரைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் நூர் நிஷா ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கியிருந்தாள். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்தான்.

அவள் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. உத்தரகோசமங்கை உமையாள். இருபது வருடமாக இவளிடம் தைத்தவள். பக்கத்தில் மகள் கனகலட்சுமி, வயிற்றின் மேல் கை வைத்தபடி.

உமையாள் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"ஏத்தா நூரு... நல்லாத்தான் இருக்கியா?"

"எனக்கென்ன உமையாக்கா. இவுக கடைக்குத் தைக்கிற மாஸ்டர் நான்தான்."

உமையாள் காரிலிருந்து இறங்கினாள்.

"ஏலே, கல்யாணத்துக்கு இவகிட்டத்தான் தைக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நிண்டேன். இவளையா ஏர்வாடியில கெடக்குறான்னு சொன்ன?"

"இல்லம்மா, யாரோ சொன்னதத்தான் நானும்..."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மகளைக் கைத்தாங்கலாக இறக்கிக் கடைக்குள் கூட்டிவந்தாள். ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"ஆனா உள்ள துணியில்லையேத்தா. நீயே தச்சாலும் இனி என்ன செய்ய?"

நூர் நிஷா அலமாரியின் மேல்தட்டைத் திறந்தாள்.

உள்ளே சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, ராமர் நீலம். கை போய் நேராக அரக்கு முடிச்சை எடுத்தது. அவிழ்த்தாள்.

இரண்டு விரல் அகலத்தில், நீள நீளமாக, அதே பட்டு. ஒரு நூல்கூடப் பிரிந்துபோகாமல் ஓரம் அடித்துப் பத்திரப்படுத்தியிருந்தது.

கனகலட்சுமியின் கையைத் தூக்கச் சொல்லி, அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரு துண்டை வைத்துப் பார்த்தாள். சேர்த்துத் தைத்தால் வெளியே தெரியாது.

வாசலில் நின்ற வேல்சாமி அந்தத் துண்டைப் பார்த்தான். பிறகு அலமாரியைப் பார்த்தான். அந்த நிறங்கள் எல்லாம் அவனே கொண்டுவந்து கொடுத்தவை.

"மத்ததெல்லாம் யாருதுத்தா?" என்றாள் உமையாள்.

நூர் நிஷா ஊசியில் அரக்கு நூலைக் கோத்தாள்.

"வருவாக."

மறுநாள் வளைகாப்புக்குக் கனகலட்சுமி அரக்குப் பட்டுதான் உடுத்தியிருந்தாள். வளையல் போட வந்த ஒவ்வொருத்தியிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தைத்தது யார் என்று உமையாள் சொன்னாள்.

மாளிகையின் மூன்றாம் மாடியில் இருந்த தையல் பிரிவு தீபாவளிக்கு முன்பே மூடப்பட்டது. இப்போது அங்கே சூட்கேஸ் விற்கிறார்கள்.