கல்லுக்கு அடியில் என்ன நிறம்

குவாரியில் கல் அடுக்குக்குள் கையை விட்ட பலவேசத்தின் சுண்டுவிரலில் தேள் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. என்ன நிறமென்று அவன் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக டிராக்டரைக் கூப்பிட ஆள் ஓடியிருந்தது. அவனை நிழலில் உட்காரவைத்துவிட்டு, அவன் பெண்டாட்டி முப்பிடாதி கடப்பாரையால் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். போன சித்திரையில் இதே குவாரியில் விரல் நீளச் செந்தேள் கொட்டி, ஒருத்தன் ஜில்லென்று வேர்த்து, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். முதல் கல்லின் அடியில் வெட்டுக்கிளிக் கால்கள் கிடந்தன. அடுத்ததில் கரப்பான் இறக்கை. தின்று போட்ட மிச்சம் இருந்தது, தின்றதைக் காணோம். “கருப்பா இரு, கருப்பா இரு” என்று அவள் வாய் முணுமுணுத்தது. ஐந்தாவது கல்லைப் புரட்டியதும், உள்ளங்கை நீளத்துக்கு, எண்ணெய் தேய்த்தது போல மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது கருந்தேள்.

“ஏட்டி, இம்புட்டுப் பெருசா? என் சோலி முடிஞ்சுது.”

“சும்மா கெடங்க. பெருசுக்குக் கவ்வுற கையிலதான் பலம், வாலுல வெசம் கம்மி. வலிக்கும், அம்புட்டுதான்.”

“வலி எனக்குல்லா தெரியும்.”

“தெரியட்டும். இனிமே பாக்காம கைய விடமாட்டீங்கள்லா.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. தேளை அவள் அடிக்கவில்லை. தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல அந்தக் கல்லை மெதுவாக அதன் மேல் சாய்த்து வைத்தாள். டிராக்டர் சத்தம் கேட்டது. அடுக்கில் இன்னும் இரண்டு கல் புரட்டாமல் கிடந்தது. அவற்றின் அடியில் என்ன நிறமென்று பார்க்காமலே அவள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.