முன்னிக்கு வந்த சர்க்கரை

நோன்பு மாதம் பிறந்து மூன்றாம் நாள். பட்டப்பகல் பதினோரு மணிக்கு முன்னி கூடத்தில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மருமகள் மெஹ்ரீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட நோன்பை விடாத மாமியார் இவள்.

"எனக்கு சுகர் வந்துடுச்சு. டாக்டர் நோன்பு வேணாம்னுட்டாரு" என்றாள் முன்னி, அவித்த வேர்க்கடலையை வாயில் போட்டபடி. "நீயும் தட்டை எடுத்தாந்து உக்காரு. ரெண்டு வாட்டி பாத்திரம் கழுவ என்னால ஆவாது."

மெஹ்ரீன் சாப்பிட வேண்டியவள்தான். ஆறு மாதம். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை. முதல் பிள்ளை ஒன்பதாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திக்கொண்டது. சர்க்கரை இருந்ததை அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் இந்த முறை செஞ்சியிலிருந்து பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்கே போகிறாள். அங்கே டாக்டர் அமலா, சிக்கலான கர்ப்பங்களை மட்டும் பார்க்கிறவர். தினம் மூன்று இன்சுலின் ஊசி. ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும், நோன்பு இந்த வருஷம் வேண்டாம் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். மார்க்கத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.

ஆனால் வீடே வாய் நனைக்காமல் இருக்கும்போது தனக்கு மட்டும் சோறு எப்படி இறங்கும்? முதல் இரண்டு நாளும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு வாய் விழுங்கினாள். இரண்டாம் நாள் வேர்த்து ஊற்றிக் கண் இருட்டியது. தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மாமியாரே கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். மறுக்க முடியாமல் சாப்பிட்டாள்.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டு ஜெய்த்தூன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா முன்னிக்கா, எங்க வீட்ல கஞ்சிக்கே இன்னும் அடுப்பு பத்த வெக்கல. உங்க வீட்ல கொழம்பு வாசனை தெருவைத் தூக்குது."

"சுகரு, ஜெய்த்தூனு."

"சுகரு உங்களுக்கா, உங்க நாக்குக்கா?"

"ரெண்டுத்துக்குந்தான்" என்று முன்னி இன்னொரு கரண்டி கீரையை அள்ளித் தன் தட்டில் பாதியும் மருமகள் தட்டில் பாதியுமாக வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மெஹ்ரீனின் கணவன் நௌமானின் செல்போன் கடைக்கு வந்தவர்கள்கூட விசாரித்துவிட்டுப் போனார்களாம். அம்மாவுக்கு வயதான காலத்தில் நாக்கு நீண்டுவிட்டது, தலை காட்ட முடியவில்லை என்று அவன் புலம்பினான். மெஹ்ரீனுக்கும் அப்படித்தான் தோன்றியது. வயிற்றில் பிள்ளை இருப்பவள் சாப்பிடலாம். கொஞ்சம் சர்க்கரை வந்ததற்கு இவ்வளவு ஆசையாகவா?

ஆனாலும் அந்த மாதம் முழுக்க ஒரு வேளை தவறவில்லை. மணி அடித்த மாதிரி முன்னி தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். கூடவே மெஹ்ரீனும்.

பெருநாள் முடிந்து ஸ்கேனுக்குப் போனபோது டாக்டர் அமலா திரையையே வெகுநேரம் பார்த்தார். பிள்ளையின் எடை சரியாக ஏறியிருக்கிறது, தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார். இந்த ஒரு மாதத்தைத்தான் பயந்துகொண்டிருந்தேன், எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டார்.

"எங்க மாமிக்கும் சுகர், டாக்டர். அவங்ககூடவே உக்காந்து சாப்ட்டுட்டேன்" என்றாள் மெஹ்ரீன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் மாமியார் மேல் கோபமே வந்தது. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், விடிந்ததும் முன்னி அவலூர்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். நோன்பில் நேரம் தவறாமல் தின்றவள், மருமகளுக்கு நிறைமாதம் நெருங்கும்போது ஊர் சுற்றுகிறாளே என்று மெஹ்ரீன் மனசுக்குள் பொருமினாள்.

முப்பத்தெட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுதது. அந்த அழுகைக்காக மூன்று வருஷம் காத்திருந்த மெஹ்ரீனும் அழுதாள்.

மத்தியானம் நர்ஸ் வந்து குழந்தையின் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்றாள். முன்னி கட்டிலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. மெஹ்ரீனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"சிஸ்டர், எங்க மாமிக்கும் பாத்துடுங்க. சுகர் உள்ளவங்க. காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

முன்னி வேண்டாம் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள். நர்ஸ் விடவில்லை. விரலில் குத்தி, கருவியைப் பார்த்தாள்.

"எண்பத்தி நாலு. இவங்களுக்கா சுகரு? மாத்திரை ஏதாச்சும் சாப்புடுறாங்களா?"

மெஹ்ரீன் யோசித்துப் பார்த்தாள். மாமியார் ஒரு மாத்திரை விழுங்கி அவள் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் நௌமான் சூடாகப் பால் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினான்.

"அங்க வெய்யிடா. சாயங்காலம் பாங்கு சொன்னப்புறம் குடிக்கிறேன்" என்றாள் முன்னி.

அவன் ஒன்றும் புரியாமல் நின்றான். மெஹ்ரீனுக்குப் புரிந்தது. கண்ணை எடுக்காமல் மாமியாரையே பார்த்தாள்.

"இன்னா அப்டிப் பாக்குற? அன்னிக்கி நீ தொட்டிகிட்ட உக்காந்தத நான் பாத்துட்டேன்" என்று முன்னி குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். "வராத சுகருக்கு உட்ட நோன்பு, நான்தான புடிச்சுத் தீக்கணும். இன்னும் ஒம்போது இருக்குது."