ஒற்றைச் சிமிட்டல்

சாவியைத் திருகினேன். கார் மூச்சே விடவில்லை.

பத்து மணிக்குள் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். இன்று சேர்ந்தால் நாளை காலை அவளுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. தவறினால் இந்தத் தேதி வேறு யாருக்கோ போய்விடும். அடுத்த தேதிவரை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

சிறுநீரகம் கிடைத்துவிட்டது, ரத்தம் பொருந்திவிட்டது, தேதியும் வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை. பூசாரி யார் என்றால், டாஷ்போர்டுக்கு அடியில் ஒட்டியிருந்த சோப்பு டப்பா அளவு கறுப்புப் பெட்டி.

ரிமோட்டை அழுத்தினால் வீட்டுக்குள்ளிருந்தே காரை ஸ்டார்ட் செய்கிற பெட்டி அது. காரோடு வந்ததல்ல, அக்காவின் கணவர், மாமா, வெளியில் வாங்கிப் பொருத்தியது. டயாலிசிஸ் முடிந்து துவண்டு வருகிற மனைவி கொதிக்கிற காரில் உட்காரக் கூடாதாம். அவள் படியிறங்கும் முன்பே ஏசி ஓடி உள்ளே குளிர்ந்திருக்க வேண்டுமாம். பெண்டாட்டி மேல் பாசம் வைக்க வேண்டியதுதான். அதை ஒயரில் சுற்றியா வைப்பது?

அந்த மனுஷர் விடிந்ததுமே ஆஸ்பத்திரி கவுண்டரில் போய் நின்றுவிட்டார். புறப்பட்டாச்சா, புறப்பட்டாச்சா என்று நிமிஷத்துக்கொரு போன். பாதி வழி வந்துவிட்டோம் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

வாடகை வண்டி பிடிக்கலாம் என்றேன். கண்டவர்கள் இருமிவிட்டுப் போன சீட்டு, ஏதாவது தொற்றிக்கொண்டால் ஆபரேஷனையே நிறுத்திவிடுவார்கள் என்று பின்சீட்டில் இருந்த அக்கா நினைவுபடுத்தினாள். அதுவும் நியாயம்தான்.

பெட்டியைப் பொருத்திய மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன்.

பேட்டரி முனையை இறுக்கச் சொன்னார், இறுக்கினேன். பானெட் சரியாக மூடாவிட்டால் பெட்டி எஞ்சினை விடாது என்றார்; தூக்கித் தூக்கி அறைந்து மூடினேன். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார். வீட்டுக்குள் ஓடி, அக்கா தினமும் ஏறி நிற்கிற எடை மெஷினைக் கவிழ்த்து அதன் பட்டன் பேட்டரியைப் பிடுங்கி வந்தேன். ரிமோட்டின் மூடி திறக்கவே இல்லை. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது.

ஒரு வழியாக மாற்றிப் போட்டு அழுத்தியதும் எஞ்சின் ஓடியது. உள்ளே பாய்ந்து உட்கார்ந்தேன். சாவியைத் துளையில் வைப்பதற்குள் அடங்கிவிட்டது.

அழுகை வந்தது. மறைக்கவில்லை. பெட்டியையே பிய்த்து எறியப் போகிறேன் என்று மெக்கானிக்கிடம் கத்தினேன். அவர் பதறிப்போனார். சாவியின் ஒயரே அதற்குள் நுழைந்துதான் வருகிறது, பிய்த்தால் கார் நின்ற இடத்தைவிட்டு நகராது என்றார். அவர் ஊரின் மறுகோடியில் இருந்தார். கிளம்பி வந்து சேர்வதற்குள் பத்து தாண்டிவிடும்.

பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். அந்தப் பெட்டி திருட்டுப் பூட்டாகவும் வேலை செய்யும். ரிமோட்டில் திறக்கிற பொத்தானை அழுத்தினால் இண்டிகேட்டர் இரண்டு முறை சிமிட்டும், எஞ்சின் கிளம்பும். பூட்டுகிற பொத்தானை அழுத்தினால் ஒரே முறை சிமிட்டும். அதற்கப்புறம் சாவி போட்டாலும் ஓடாது. கதவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காருக்கு முன்னால் போய் நின்று, திறந்துவிட்டு, விளக்கையே கவனிக்கச் சொன்னார்.

போய் நின்று திறந்தேன். இரண்டு சிமிட்டல்.

ரிமோட்டை பானெட்டின் மேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சிமிட்டல்.

மறுபடி திறந்தேன். மறுபடி ரிமோட்டைக் கீழே வைத்தேன். மறுபடி ஒன்று.

நான் கைகூட வைக்கவில்லை என்று போனில் சத்தியம் செய்தேன். மெக்கானிக் கேட்டார்:

"சார், நான் ரெண்டு ரிமோட் குடுத்தேனே. இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு?"

அது தொலைந்து ஒரு வாரமாகிறது. மாமா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார்.

கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்கதவைத் திறந்து கை நீட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போலிருந்தது. கொடுத்துவிடு அக்கா என்று கெஞ்சத்தான் முடிந்தது.

அவள் வலது கையை நீட்டி, என் சட்டைமேல், விலாவுக்குக் கீழே தொட்டாள். நாளைக்கு எனக்குக் கத்தி வைக்கப்போகிற இடம் அது.

"வேணாண்டா. உனக்கு ரெண்டும் இருக்கட்டும். உன் பொண்ணு இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கல."

ரிமோட்டைப் பறித்திருப்பேன். அக்காவுக்கு இருக்கிற தெம்புக்கு ஒரு நொடி வேலை.

ஆனால் அவள் அதை இடது கையில் இறுக்கி வைத்திருந்தாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக, ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்திருக்கிற கை. அந்தக் கையை யாரும் அழுத்திப் பிடிக்கக் கூடாது.

அது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.