இருமல் வந்த பிணம்

மேடை நடுவே கட்டிலில் பிணமாகக் கிடக்கிறேன். செத்துக் கிடப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை; போன ஊரில் ஈக்களே நம்பி மொய்த்தன. தலைமாட்டில், நாடகத்திலும் நிஜத்திலும் என் மகன்களான இருவர் வீட்டுக்காக மல்லுக்கட்டுகிறார்கள். சின்னவனுக்குக் கல்நெஞ்சன் வேடம். ஒரு சொட்டுக் கண்ணீர் கூடாது. "கெழவன் போனா போறான், சாவியக் குடு!" என்று அவன் கத்தும்போது, என் முகத்துப் பவுடர் தொண்டைக்குள் இறங்குகிறது. இருமினால் நாடகம் குடை சாய்ந்துவிடும். பாசக்கார மகனாக நடிக்கும் பெரியவன் வசனத்தில் மூழ்கியிருக்கிறான். என் வயிறு குலுங்குவதைக் கண்ட சின்னவன் பாய்ந்து என் மார்பில் விழுகிறான். "இருமிக்கோப்பா, நான் சத்தமா அழறேன்," என்று காதோரம் சொல்லிவிட்டு ஓலமிடுகிறான். மகராசன்! ஆசை தீர இருமுகிறேன். அரங்கமே மூக்கைச் சிந்துகிறது. என் கண்ணோரம் ஒரு துளி வழிய, முன்வரிசையில் ஒருத்தி, "பாவம், பொணத்துக்கு வேர்க்குது," என்கிறாள்.