சர்வர் அறைக்குள் அவள்

அவள் மறுபடியும் சர்வர் அறைக்குள் போனாள். தூணுக்குப் பின்னால் நின்று கண்ணாடிக் கதவு வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்த சீனியருக்கு வயிறு பற்றி எரிந்தது. எத்தனை நாளாக நடக்கிறது இந்தக் கூத்து! இன்னும் சற்று நேரத்தில் சிரித்த முகமாக வெளியே வருவாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அப்படியே வந்தாள். "சரியாயிடுச்சு!" என்று அவள் கையைத் தூக்கிக் காட்டியதும், போன் எடுக்கும் பெண்கள் எழுந்து நின்று கைதட்டாத குறைதான்.

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் பிரிவு. நோயாளி போன் செய்தால், டெலிபோன் சர்வர் அவருடைய விவரத்தை, நோயாளிகளின் பதிவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸிலிருந்து வாங்கி, போனை எடுப்பவரின் திரையில் காட்டும். கொஞ்ச நாளாக இந்த இரண்டுக்கும் நடுவில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. அறுந்தால் திரையில் ஒன்றும் வராது. போன் செய்தவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே கிடப்பார்கள்.

பல வருஷமாக அங்கே சர்வரைத் தொட உரிமையுள்ள ஒரே ஆள், தூணுக்குப் பின்னால் நின்ற இவர்தான். எல்லோருக்கும் 'சீனியர்'. டீம் லீடர் பதவி காலியானபோது, நமக்கு வராமல் வேறு யாருக்கு வரப்போகிறது என்று நிம்மதியாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து அதே உரிமையோடு வந்து சேர்ந்தாள் இந்தப் புதுப்பெண். வந்த வாரமே சர்வர் ஒருமுறை மக்கர் செய்ய, சீனியர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சரிசெய்துவிட்டாள். மேனேஜர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

"வந்து நாலு நாள் ஆகல, என்னமா வேலை பார்க்குது பாருங்க!" என்று சீனியரிடமே வந்து சொன்னார்.

"ஆமாமா, நல்ல பொண்ணு" என்றார் சீனியர். அன்று சாப்பிட்டது அவருக்குச் செரிக்கவே இல்லை.

'இவளே கெடுத்துட்டு இவளே சரி பண்றா' என்று மனதில் ஒன்று விழுந்துவிட்டது. விழுந்தது லேசில் போகுமா? டேட்டாபேஸுக்குள் அவள் என்ன செய்கிறாள் என்று வேவு பார்க்க, ஒரே மூச்சில் ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தன் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார்.

அதற்கப்புறம் இணைப்பு தினமும் அறுந்தது. பாராட்டில் ருசி கண்டுவிட்டாள், வேறென்ன!

நடுவில் ஒரு நாள் பல் பிடுங்க லீவு போட்டார். தன் கம்ப்யூட்டரை யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று வழக்கம்போல் அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனார். மறுநாள் வந்ததும் முதல் வேலையாக, "நேத்து எத்தனை தடவை அறுந்துச்சு?" என்று விசாரித்தார்.

"நேத்தா? ஒரு தடவைகூட இல்ல சார். ஜம்முனு ஓடுச்சு" என்றாள் போன் எடுக்கும் ஒரு பெண்.

'என் மூக்கை அறுக்கத்தானே கெடுக்கறா, நான் இல்லாத அன்னைக்கு எதுக்குக் கெடுக்கப் போறா?' என்று வீங்கிய கன்னத்தோடு சிரித்துக்கொண்டார் சீனியர். சந்தேகம் அன்றோடு உறுதியாகிவிட்டது.

அன்றைக்கே அவள் அவருடைய மேசைக்கு வந்து தயங்கி நின்றாள். "அண்ணே, உங்ககிட்ட தனியா ஒரு விஷயம் பேசணும்."

"தனியா என்ன பேச்சு? எதுவா இருந்தாலும் நாலு பேர் முன்னாடி பேசு."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். மாட்டிக்கொண்டோம் என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது. சீனியருக்குப் பரம திருப்தி.

இன்று சாயங்காலம் டீம் லீடர் யார் என்று அறிவிக்க மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சீனியர் எழுந்துவிட்டார்.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? இணைப்பு அறுந்துபோறப்பல்லாம் உள்ள போறது இந்தப் பொண்ணு மட்டும்தான். இது வந்த பிறகுதான் இந்தத் தொல்லையே. இதையா டீம் லீடர் ஆக்கப்போறீங்க?"

மேனேஜரின் முகம் மாறியது. "என்னம்மா, எதனால அறுந்துபோகுதுன்னு நீயும் இதுவரைக்கும் சொல்லவே இல்லையே?"

"டேட்டாபேஸுக்குள்ள ஒருத்தர் ஓயாம நுழைஞ்சுக்கிட்டே இருக்கார் சார். நுழையுற ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்தைப் பிடிச்சுக்கறார், திருப்பி விடறதே இல்ல. எல்லா இடமும் நிறைஞ்சதும் டெலிபோன் சர்வர் வெளிய நிக்குது. நான் போய் அதையெல்லாம் காலி பண்ணிட்டு வர்றேன்."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். அப்புறமா தனியா சொல்றேனே…"

சீனியர் விடுவாரா? பதவி கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டதே!

"பார்த்தீங்களா சார், எப்படி மழுப்புதுன்னு! நோயாளிங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு போன்ல காத்துக் கிடக்கறாங்க. எவனா இருந்தாலும் இப்பவே சீட்டைக் கிழிச்சு அனுப்புங்க. ம், சொல்லும்மா, யாரு அது?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"என்னை வேவு பார்க்க நீங்க வச்சீங்களே, அந்தப் புரோகிராம்தாண்ணே."